ரிசர்வ் பயிற்சி தவறியதால் வந்த டிஸ்சார்ஜ்: தரத்தை உயர்த்த எந்த வழியை எடுப்பது?

அமெரிக்காவின் ரிசர்வ் படையில் சேர்ந்தவர் மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரண்டு வாரமும் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது வெளியில் எல்லோரும் சொல்லும் கணக்கு. படையின் கணக்கு வேறு. அங்கே நாட்களை எண்ணுவதில்லை, அமர்வுகளை எண்ணுகிறார்கள். நான்கு மணி நேரம் ஓர் அமர்வு, சனிக்கு இரண்டு, ஞாயிறுக்கு இரண்டு என ஒரு வார இறுதிக்கு நான்கு, ஆண்டுக்கு 48. தரைப்படை ரிசர்வில், ஓராண்டுக்குள் ஒன்பது அமர்வுகளுக்கு ஏற்கத்தக்க காரணமின்றி வராதவரை ‘நிறைவற்ற பங்கேற்பாளர்’ என்று அறிவிக்கலாம். ஆக, இரண்டு வார இறுதிகளைத் தவறவிட்டவர் மூன்றாவதில் சனிக்கிழமைக் காலை வராமல் போனாலே அந்த எண் நிறைந்துவிடுகிறது. அதன் முடிவில் வரும் டிஸ்சார்ஜ், அதாவது படையிலிருந்து விடுவிப்பு, பல நேரங்களில் ‘அதர் தேன் ஹானரபிள்’ (‘கௌரவமானது அல்ல’ என்று பொருள்படுவது) என்ற தரத்தில் அமைந்துவிடுகிறது. குற்றம் செய்யாதவரும், ராணுவ நீதிமன்றத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவரும், வேலை விண்ணப்பம்தோறும் அந்தச் சொற்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவராகிறார்.

என் தங்கை மகனுக்கு நேர்ந்தது இதுதான். 19 வயதில் தரைப்படை ரிசர்வில் சேர்ந்தான். சரக்கு வண்டி ஓட்டும் பிரிவு. குவைத்தில் ஒன்பது மாதம் பணியாற்றிவிட்டுத் திரும்பியவன், வேலைக்காக வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தான். தூக்கம் கெட்டது, சீருடையை எடுத்து மாட்டவே மனம் ஒப்பவில்லை, ஒரு மாதம் போகவில்லை, பிறகு போக வெட்கமாக இருந்தது, அப்படியே நின்றுவிட்டான். மூன்று ஆண்டுகள் கழித்து அரசு வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தபோதுதான் தன் டிஸ்சார்ஜின் தரம் என்னவென்று அவனுக்கே தெரிந்தது. பதிவேட்டின் நகலை வரவழைத்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். வருகைப் பதிவில் அவன் பெயருக்கு நேரே, காரணமற்ற வராமையைக் குறிக்கும் ‘யு’ என்ற எழுத்து கட்டம் கட்டமாக நின்றது. அதற்கு அடுத்த பக்கத்தில் ஓர் உறையின் நகல். அவன் ஓராண்டுக்கு முன்பே காலி செய்துவிட்ட வீட்டின் முகவரி; அதன்மேல் அனுப்பியவருக்கே திருப்பப்படுவதாகச் சொல்லும் தபால் துறையின் ஒட்டுத்தாள். “மாமா, இந்தக் கடிதத்தை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றான்.

நான் வழக்கறிஞன் அல்லன். அந்த மேசையில் தொடங்கி, விதிகளையும், டிஸ்சார்ஜை மறுபடி பரிசீலிக்கும் வாரியங்களின் பழைய முடிவுகளையும் மாதக்கணக்கில் படித்தவன். அந்தப் படிப்பிலிருந்து எனக்குத் தெளிவானது ஒன்று: ‘எந்த வாரியம் இரக்கமுள்ளது’ என்ற கேள்வியோடு தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். கறை எந்தத் தாளில் இருக்கிறது, அது அடைத்திருப்பது எந்தக் கதவை, பயிற்சி தவறியது ஏன் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், எங்கே விண்ணப்பிப்பது என்பது ஏறக்குறைய தானே முடிவாகிவிடும்.

முதலில், எந்தத் தாள்?

ரிசர்வ் வீரரிடம் ஒரே ஒரு டிஸ்சார்ஜ் தாள் இருப்பதில்லை. தொடக்கப் பயிற்சி முடிந்தபோது டி.டி. 214 என்ற பணி விடுவிப்புச் சான்று ஒன்று கிடைத்திருக்கலாம். முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டுத் திரும்பியபோது இன்னொரு டி.டி. 214 கிடைத்திருக்கும். கடைசியில் ரிசர்விலிருந்து நீக்கியபோது வந்தது பெரும்பாலும் ஓர் ஆணைக் கடிதம் மட்டுமே. மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டில் இருந்தவருக்கு என்.ஜி.பி. 22 என்ற படிவம். பயிற்சி தவறிய வழக்குகளில் கறை வழக்கமாக இந்தக் கடைசித் தாளில்தான் இருக்கிறது. முந்தைய டி.டி. 214களில் ‘ஹானரபிள்’ என்று இருந்தால், அது அப்படியே நிற்கிறது. பின்னால் நடந்தது அதை அழிப்பதில்லை.

முன்னாள் படைவீரர் நலத் துறை, அதாவது எல்லோரும் வி.ஏ. என்று சொல்லும் துறை, ஒவ்வொரு முழுநேரப் பணிக் காலத்தையும் தனித்தனியாகவே பார்க்கிறது. குவைத்துப் பணிக் காலத்துக்கு என் மருமகன் வாங்கிய தாள் ஹானரபிள். அந்தக் காலத்தில் வந்த உடல்நலக் கேட்டுக்கான சிகிச்சையும் இழப்பீடும் கேட்க அவனுக்குத் தொடக்கம் முதலே உரிமை இருந்தது. எல்லாம் போய்விட்டது என்று நண்பர்கள் சொன்னதை நம்பி, தூக்கமில்லாமல் தவித்த மூன்று ஆண்டுகளும் அவன் வி.ஏ. மருத்துவமனையின் வாசலை மிதிக்கவில்லை. இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி இது. ஒரே ஒரு தாளைப் புரட்டிப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம்.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொடக்கப் பயிற்சிக்கும் வார இறுதிப் பயிற்சிக்கும் மட்டுமே போனவர், முழுநேரப் பணிக்கு ஒருபோதும் அழைக்கப்படாதவர், பயிற்சியின்போது காயமோ நோயோ அடையாதவர் என்றால், டிஸ்சார்ஜின் தரம் உயர்ந்தாலும் வி.ஏ.யின் இழப்பீட்டுக் கதவு அதனால் மட்டும் திறந்துவிடாது. ரிசர்வ் சேவையை வைத்து வீட்டுக் கடன் சலுகை கேட்பவர்களுக்கும் இதே நிலைதான். ஆறு ஆண்டுச் சேவை அதற்கு வேண்டும், தரம் உயர்வது ஆண்டுகளைக் கூட்டித் தராது. இவர்களுக்கு டிஸ்சார்ஜ் உயர்வின் பயன் வேறு இடங்களில் இருக்கிறது: அரசு வேலை, காவல் துறை வேலை, பாதுகாப்பு அனுமதி, மீண்டும் படையில் சேர்தல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் பெயர்.

எவ்வளவு உயர வேண்டும் என்பதையும் முன்னதாகவே முடிவு செய்துகொள்வது நல்லது. அதர் தேன் ஹானரபிளுக்கு மேலே ‘ஜெனரல்’, அதற்கு மேலே ‘ஹானரபிள்’. வி.ஏ.யின் பெரும்பாலான உதவிகளுக்கு ஜெனரல் போதும், கல்விக்கான ஜி.ஐ. பில்லுக்கு மட்டும் ஹானரபிளே வேண்டும். படைச் சேவையின் வழியாகக் குடியுரிமை கேட்பவருக்கும் ஜெனரல் போதுமானது.

குடியுரிமை என்ற சொல் வந்துவிட்டதால், தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். 2009இல் தொடங்கிய மாவ்னி திட்டம், பச்சை அட்டை இல்லாத வெளிநாட்டவரையும் மொழித் திறனுக்காகவும் மருத்துவத் திறனுக்காகவும் படையில் சேர்த்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் ஆள்சேர்ப்பு நிற்பதற்குள் 10,000க்கும் மேற்பட்டோர் அதன் வழியாகச் சேர்ந்தார்கள். ரிசர்வில் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. படைச் சேவையை அடிப்படையாகக் கொண்டு 2003 நவம்பர் 24க்குப் பிறகு குடியுரிமை பெற்ற ஒருவர், மொத்தம் ஐந்து ஆண்டுகள் நற்பெயரோடு பணியாற்றி முடிக்கும் முன் அதர் தேன் ஹானரபிள் தரத்தில் நீக்கப்பட்டால், அந்தக் குடியுரிமையைத் திரும்பப் பெறச் சட்டம் இடம் தருகிறது. இது தானாக நடப்பதில்லை. அரசு தனியே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆயினும் இந்த நிலையில் இருப்பவர் படைச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசாமல் எந்தப் படிவத்தையும் அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விடுவிப்பு மறுஆய்வு வாரியம்

டிஸ்சார்ஜ் ஆகி 15 ஆண்டுகள் கடக்காதவருக்கு இதுவே முதல் கதவு. டி.டி. 293 என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் கிடையாது. தரைப்படை, கடற்படை, வான்படை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரியம் உண்டு. மரைன் படையினர் கடற்படை வாரியத்திடமே செல்ல வேண்டும். இந்த வாரியம் டிஸ்சார்ஜின் தரத்தையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் மாற்றலாம். பழைய பதவியில் மீண்டும் அமர்த்தவோ, மருத்துவக் காரணத்துக்கான ஓய்வாக மாற்றவோ, சம்பள பாக்கியைத் தரவோ அதற்கு அதிகாரம் இல்லை. விண்ணப்பித்ததற்காக இருக்கும் தரத்தை மேலும் தாழ்த்தவும் அதனால் முடியாது. ‘கிளறினால் இன்னும் மோசமாகிவிடுமோ’ என்று அஞ்சி விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வாரியம் இரண்டு அளவுகோல்களைக் கையில் வைத்திருக்கிறது. ஒன்று முறைமை: நீக்கியபோது படை தன் சொந்த விதிகளைப் பின்பற்றியதா, பின்பற்றாததால் விண்ணப்பதாரருக்குக் கேடு விளைந்ததா? மற்றொன்று நியாயம்: விதி பின்பற்றப்பட்டிருந்தாலும், இந்த மனிதருக்கு இந்தத் தரம் தகுமா? பயிற்சி தவறிய வழக்குகளில் இந்த இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்து எழுதினால் இரண்டுமே வலுவிழந்துவிடுகின்றன.

முறைமை வாதத்தின் உயிர்நாடி தபாலில் இருக்கிறது. காரணமின்றி வராதவருக்கு எழுத்தில் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். அது ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் போயிருக்க வேண்டும், அல்லது சாதாரணத் தபாலில் அனுப்பியதற்கு அனுப்பியவரின் உறுதிமொழிப் பத்திரம் கோப்பில் இருக்க வேண்டும். அதர் தேன் ஹானரபிள் தரத்தில் நீக்க நினைத்தால், விசாரணைக் குழு முன் பேசும் உரிமையும் ராணுவ வழக்கறிஞரின் உதவி பெறும் உரிமையும் உண்டென்று அறிவித்திருக்க வேண்டும். குறித்த கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அந்த உரிமையை அவரே விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலானோர் விசாரணையே இல்லாமல் நீக்கப்படுவது இப்படித்தான். எனவே கோப்பில் எந்தக் கடிதம் எந்த முகவரிக்கு எந்தத் தேதியில் போனது, அந்தத் தேதியில் பிரிவிடம் இருந்த முகவரி எது, புதிய முகவரியைச் சொன்னதற்கு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ இருக்கிறதா என்பதைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும். இதில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டிய கடமை வீரருடையது. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு முறைப்படி அனுப்பியதைக் காட்டினால், ‘கடிதம் கைக்கு வரவில்லை’ என்பது மட்டும் வெற்றி தேடித் தராது. அரசு தன் வேலையை ஒழுங்காகவே செய்தது என்ற அனுமானத்தோடுதான் வாரியம் தொடங்குகிறது. அதை அசைக்கும் சான்றைக் காட்டும் சுமை விண்ணப்பதாரர் தோளில் இருக்கிறது. என் மருமகன் வழக்கில் இரண்டாவது கடிதத்துக்கு உறுதிமொழிப் பத்திரமும் இல்லை, ஒப்புகை அட்டையும் இல்லை. அவன் புதிய முகவரியைப் பிரிவின் சார்ஜண்டுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி பழைய தொலைபேசியில் இருந்தது. அந்தக் குறுஞ்செய்தியின் படம் இல்லாவிட்டால் முறைமை வாதத்தை எடுக்கவே வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருப்பேன்.

நியாய வாதம் இதைவிட அகலமானது. வாரியங்களுக்கான விதிகள் பணியின் தரம், பதக்கங்கள், வெளிநாட்டுப் பணி, வயது, கல்வி ஆகியவற்றோடு குடும்பத் தொல்லைகளையும் தனிப்பட்ட தொல்லைகளையும் பெயர் சொல்லியே எடைபோடச் சொல்கின்றன. தாயின் நோய், கைக்குழந்தை, வார இறுதியில் விடுப்புத் தராத முதலாளி, கார் இல்லாத நிலை என எதுவானாலும், அன்றைய தேதியிட்ட காகிதம் ஒன்றோடு வந்தால் அதற்கு எடை உண்டு. பயிற்சிக்கு வர இயலாதவரை நீக்குவது ஒன்றே பிரிவுத் தளபதியின் கையிலிருந்த வழி அல்ல என்பதையும் சுட்ட வேண்டும். எஞ்சிய காலத்துக்கு, மாதப் பயிற்சி இல்லாத தனிநபர் ரிசர்வ் பட்டியலுக்கு மாற்றியிருக்கலாம். அப்படி மாற்றப்பட்டவர்கள் ஏராளம். ஒரே தவறுக்கு ஒருவர் பட்டியலுக்கும் இன்னொருவர் கறை படிந்த தாளோடு வீட்டுக்கும் அனுப்பப்பட்டால், அது நியாயக் கேள்விதான்.

நேர்முக விசாரணையா, காகிதப் பரிசீலனையா?

இதே வாரியத்தில் இரண்டு விதமான பரிசீலனை உண்டு. காகிதங்களை மட்டும் பார்த்து முடிவு சொல்லலாம். அல்லது விண்ணப்பதாரரை வரவழைத்தோ, காணொளியிலோ தொலைபேசியிலோ பேசவைத்தோ கேட்கலாம். முதலில் காகிதப் பரிசீலனை கேட்டுத் தோற்றவர், 15 ஆண்டுக் கெடு முடியாதிருந்தால் பிறகு விசாரணை கேட்கலாம். முதலிலேயே விசாரணை கேட்டவர் பின்னர் காகிதப் பரிசீலனைக்குத் திரும்ப முடியாது. கணக்குப் போட்டால் காகிதம் முதலில், விசாரணை பிறகு என்பது இரண்டு வாய்ப்புகளைத் தருகிறது. கெடு முடிய இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் இருக்கிறவருக்கு நானும் அதையே சொல்வேன். தோற்றாலும் வாரியம் தன் காரணங்களை எழுதித் தரும். எந்த இடத்தில் சான்று போதவில்லை என்பது அதிலிருந்து தெரியும். விசாரணைக்கு அதைவிட நல்ல தயாரிப்பு இல்லை.

கெடு நெருங்கிவிட்டவர் நேராக விசாரணை கேட்பதே சரி. முறைமை வாதம் காகிதத்திலேயே நிற்கும். நியாய வாதமோ, குறிப்பாக மனநலம் சார்ந்தது, பேசுகிறவரின் முகத்தையும் குரலையும் வேண்டுகிறது. ஏன் போகவில்லை என்று கேட்டபோது என் மருமகன் சொன்ன பதிலை அவன் எழுதிய மூன்று பக்கங்களும் சொல்லவில்லை: “கார் வரைக்கும் போவேன் மாமா, சாவியைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன், பிறகு உள்ளே வந்துவிடுவேன்.” வாரியம் இருக்கும் ஊருக்குப் பயணம் செய்து நேரில் போனால் செலவு அவரவருடையது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மனநலக் காரணம் உள்ளவர்களுக்கு

2014இல் பாதுகாப்புத் துறைச் செயலர் ஹேகல், போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் உள்ளவர்களின் விண்ணப்பங்களைத் தாராள மனத்தோடு பார்க்க வேண்டும் என்று, கீழே விளக்கப்போகும் பதிவேடுத் திருத்த வாரியங்களுக்கு ஆணையிட்டார். 2017இல் அதே துறையின் அதிகாரி கர்ட்டா வெளியிட்ட குறிப்பாணை மூளைக் காயம், பாலியல் வன்முறை, பிற மனநலக் கேடுகள் ஆகியவற்றையும் சேர்த்து, வாரியம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை வகுத்தது: தவறைத் தணிக்கக்கூடிய நோயோ அனுபவமோ இருந்ததா, அது படைச் சேவையின்போது ஏற்பட்டதா, அது உண்மையிலேயே தவறைத் தணிக்கிறதா, டிஸ்சார்ஜின் காரணத்தைவிட அது எடை மிகுந்ததா? 2018இல் அத்துறையின் இன்னோர் அதிகாரி வில்கி வெளியிட்ட குறிப்பாணை, மனநோய் இல்லாதவர்களின் வழக்கிலும் கருணையையும் பின்னாளைய நல்வாழ்வையும் எப்படி எடைபோடுவது என்று வழிகாட்டியது. குறையே இல்லாத சேவைதான் ஹானரபிளுக்குத் தேவை என்பதில்லை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது.

பயிற்சி தவறியவருக்கு இந்த நான்கில் மூன்றாவது கேள்வியே தீர்மானமானது. ஆயுதத்தைத் திருடியவருக்கு நோய்க்கும் செயலுக்கும் தொடர்பு காட்டுவது கடினம். அதிர்ச்சியை நினைவூட்டும் இடத்தை விட்டு விலகி ஓடுவதோ அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. பயிற்சிக்குப் போகாமல் இருந்ததும் அதே அறிகுறியின் வெளிப்பாடு என்று மருத்துவர் ஒருவர் எழுதித் தந்தால், மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. நோய் அப்போதே கண்டறியப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பின்னால் வந்த வி.ஏ. மருத்துவரின் முடிவும் சான்றாகும். அன்றைய நடத்தையைப் பார்த்த மனைவி, அறைத் தோழன், சக வீரர் ஆகியோரின் கடிதங்களும் சான்றாகும். தரைப்படை, தரைப்படை ரிசர்வ், நேஷனல் கார்டு ஆகியவற்றிலிருந்து 2001க்குப் பிறகு நீக்கப்பட்ட மனநோய் பாதித்தவர்களுக்காக நடந்த கென்னடி வழக்கின் சமரசம் 2021இல் இறுதியானது. பழைய மறுப்புகளில் ஒரு பகுதியை வாரியம் மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. முன்பே தோற்றவர்கள் தங்கள் மறுப்பின் தேதியை அந்தச் சமரசத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

பதிவேடுத் திருத்த வாரியம்

15 ஆண்டுகள் கடந்துவிட்டவருக்கு இதுவே வழி. டி.டி. 149 படிவம். தவறோ அநீதியோ தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்று கெடு இருந்தாலும், நீதியின் பொருட்டு அதைத் தளர்த்தும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. ஏன் தாமதமாயிற்று என்பதற்குத் தனிப்பத்தி எழுதிக் கேட்க வேண்டும். இதன் அதிகாரம் பரந்தது. எந்தப் பதிவையும் திருத்தலாம்: மீண்டும் படையில் சேர்வதைத் தடுக்கும் குறியீடு, தேதி, பதவி, மருத்துவ ஓய்வு, பணம். சேரும்போது தந்த போனஸைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது என்றால், அதற்குத் தீர்வு தரக்கூடியது மறுஆய்வு வாரியமல்ல, இதுதான்.

இதன் குறை, நேர்முக விசாரணை மிக அரிது. கிட்டத்தட்ட எல்லாம் காகிதத்திலேயே முடிகிறது. பிற வழிகளைப் பயன்படுத்திவிட்டு வர வேண்டும் என்ற விதியும் உண்டு. 15 ஆண்டுக்குள் இருப்பவர் நேராக இங்கே வந்தால், மறுஆய்வு வாரியத்துக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலதாமதமும் உண்டு: பத்தில் ஒன்பது விண்ணப்பங்களைப் பத்து மாதத்திலும், எதையும் 18 மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதற்குமேல் காத்திருக்கும் மனத்தோடு அனுப்புவது நல்லது. தோற்றவருக்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. முன்பு காட்டாத புதிய சான்று கிடைத்தால், எத்தனை ஆண்டு கழித்தும் மறுபரிசீலனை கேட்கலாம்.

வி.ஏ.யின் தனி முடிவு

மேலே சொன்ன இரண்டும் தாளை மாற்றுகின்றன. வி.ஏ. தாளைத் தொடுவதில்லை, தன் உதவிகளுக்கு மட்டும் இவர் தகுதியானவரா என்று தானே முடிவு செய்கிறது. முழுநேரப் பணிக் காலமே அதர் தேன் ஹானரபிளில் முடிந்திருந்தாலும் இப்படி விண்ணப்பிக்கலாம்; 2024 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள திருத்திய விதி, தவறுக்குப் பின்னிருந்த நெருக்கடிகளைக் கருத்தில் கொள்ள முன்னைவிட அதிக இடம் தருகிறது. தொடர்ந்து 180 நாள் அனுமதியின்றிப் பணியில் இல்லாதவருக்கு உதவி மறுக்கும் சட்டம் ஒன்று உண்டு. அது முழுநேரப் பணியிலிருந்து காணாமல் போனவருக்கானது, வார இறுதிப் பயிற்சிக்கு வராதவருக்கு அல்ல. இந்தக் குழப்பத்தால் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டவர்கள் உண்டு.

உடல்நலமோ மனநலமோ கெட்டிருப்பவர் வாரியத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் அனுப்பலாம், ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. தற்கொலை எண்ணம் இருக்கிறது என்றால் எந்தத் தாளையும் தேட வேண்டாம். 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரருக்கான நெருக்கடி உதவி கிடைக்கும். 2023 ஜனவரி முதல், வி.ஏ.யில் பதிவு செய்யாதவருக்கும் இத்தகைய அவசர சிகிச்சையை, உள்நோயாளியாக 30 நாள் வரையும் வெளிநோயாளியாக 90 நாள் வரையும் வி.ஏ. ஏற்கிறது, நூறு நாளுக்கு மேல் பணியாற்றிப் போர்ப் பணியும் கண்ட அதர் தேன் ஹானரபிள் வீரரும் இதில் அடங்குவார்.

மேல்முறையீட்டு வாரியமும் நீதிமன்றமும்

2019 டிசம்பர் 20 அன்றோ அதற்குப் பிறகோ நீக்கப்பட்டு, மேற்சொன்ன இரு வாரியங்களிலும் தோற்றவருக்கு, பாதுகாப்புத் துறை அளவில் ஒரு மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. அதற்கும் அப்பால் ஃபெடரல் நீதிமன்றம். நீதிபதி டிஸ்சார்ஜை உயர்த்துவதில்லை. வாரியத்தின் முடிவு காரணமற்றதா, சான்றைப் பார்க்காமல் எழுதியதா என்று மட்டும் ஆராய்ந்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புகிறார். ஆறு ஆண்டுக் கெடு, வழக்கறிஞர் செலவு, நீண்ட காத்திருப்பு. முதலில் அனுப்பிய விண்ணப்பத்தில் சொல்லாத வாதத்தை அங்கே புதிதாகக் கொண்டுவர இயலாது என்பதால், நீதிமன்றத்தை நினைத்தாவது முதல் விண்ணப்பத்தை முழுமையாக எழுத வேண்டும்.

ஆறு மாதம் கழித்து டிஸ்சார்ஜ் தானாகவே உயர்ந்துவிடும் என்ற பேச்சு படையில் இன்றும் உலவுகிறது. அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. சும்மா இருப்பவருக்கு நடப்பது ஒன்றுதான்: 15 ஆண்டுக் கெடு கரைகிறது, சாட்சி சொல்லக்கூடிய சார்ஜண்ட் ஓய்வு பெற்றுப் போகிறார், பழைய தொலைபேசி தொலைகிறது.

எங்கள் முடிவு

நாங்கள் முதலில் எஸ்.எஃப். 180 படிவம் அனுப்பி முழுப் பதிவேட்டையும் வாங்கினோம். அதைப் பார்க்காமல் விண்ணப்பம் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வழி நடப்பதாகும். அதே வாரத்தில் வி.ஏ.யில் பதிவு செய்தோம். அங்கே கிடைத்த மருத்துவ முடிவு கைக்கு வரும்வரை டி.டி. 293ஐ அனுப்பாமல் வைத்திருந்தோம். மனநலச் சான்று இல்லாமல் அவசரப்பட்டு அனுப்பி, முதல் வாய்ப்பைக் கழித்துவிடுவதைவிட நான்கு மாதம் பொறுப்பது மேல் என்று நினைத்தேன். கெடுவுக்கு இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் இருந்ததால் அந்தப் பொறுமைக்கு இடமிருந்தது. பிறகு காகிதப் பரிசீலனையே கேட்டோம்: முதலில் மனநலமும் நியாயமும், தனித்தலைப்பில் தபால் சான்றும். நேஷனல் கார்டு வீரராக இருந்தால் மாநிலத் தலைமையகத்தின் பதிவுகளையும் கூடவே வாங்கியிருப்போம். டிஸ்சார்ஜ் 16 ஆண்டுக்கு முந்தையது என்றால், இதே கட்டைப் பதிவேடுத் திருத்த வாரியத்துக்குத் தாமத விளக்கத்தோடு அனுப்பியிருப்போம்.

வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கும் முன், சட்டக் கல்லூரிகளின் முன்னாள் படைவீரர் உதவி மையங்களையும், அமெரிக்கன் லீஜன், டி.ஏ.வி. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் பிரதிநிதிகளையும், மாவட்ட முன்னாள் படைவீரர் அலுவலரையும் கேட்க வேண்டும். இவர்கள் கட்டணமின்றி உதவுகிறார்கள். வாரியங்களின் பழைய முடிவுகள் பெயர் நீக்கி இணையத்தில் வெளியிடப்பட்டிருக்கின்றன. நிறைவற்ற பங்கேற்பு வழக்குகளில் இருபதை உட்கார்ந்து படித்தால், வென்றவர் என்ன சான்று வைத்தார், தோற்றவர் எதை வெறும் வாயால் சொன்னார் என்பது பளிச்சென்று தெரியும்.

தன் கூற்றை எழுதும்போது என் மருமகன் முதல் வரியில் படையைக் குறை சொல்லியிருந்தான். அதை அடித்துவிட்டு, ‘நான் பயிற்சிக்குப் போகவில்லை, அதற்கு நான் பொறுப்பு, ஏன் போகவில்லை என்பதைச் சொல்கிறேன்’ என்று தொடங்கச் சொன்னேன். மாற்றி எழுதினான். கையெழுத்திடும் முன், படிவத்தின் முகவரிக் கட்டத்தில் வாடகை வீட்டின் முகவரியை எழுதப் போனவனை நிறுத்தி, என் வீட்டு முகவரியை எழுதவைத்தேன். அவனுக்கு அடுத்த ஆண்டு வீடு மாறும் எண்ணம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை.